கம்போஸ்ட் தொட்டி மாசக்கணக்கா மக்காம கெடக்குதுங்களா?

புதுசா கம்போஸ்ட் போடறவங்க எல்லாரும் சொல்றது ஒண்ணுதானுங்க, மூணு மாசமாச்சு, போட்டது போட்டபடியே கெடக்குதுன்னு. என்னோட மொதத் தொட்டியும் அப்படித்தான், கடைல மக்க வெக்கிற நுண்ணுயிர் பவுடர் வாங்கி ரெண்டு தடவ தூவுனேன், ஒண்ணும் ஆகல, அடில தண்ணி கட்டி நாத்தம் எடுத்து பக்கத்து வீட்டுக்காரங்க கேக்கற அளவுக்குப் போயிருச்சு. மக்க வெக்கிற நுண்ணுயிரு காய்த்தோல்லயும் எலைலயும் முன்னாடியே இருக்குதுங்க, அதுக்குக் காத்து, ஈரம், சரியான தீனி மூணும் கெடச்சாப் போதும்.

1. டிரம் ரெண்டு வேணும். ஒண்ணு ரொம்புனா அதுல புதுசா எதும் போடாம விட்டறோணும், தெனமும் மேல போட்டுட்டே இருந்தா எப்பங்க மக்கி முடியும்? சுத்தியும் அடிலயும் விரல் மொத்தத்துக்கு ஓட்டை போட்டு, செங்கல் மேல தூக்கி வெச்சு, அடில தேங்கா மட்டையக் கிழிச்சுப் பரப்பிருங்க.

2. எல்லாத்தையும் ஒரு இஞ்சுக்கு வெட்டிப் போடுங்க. மிக்சில கூழா அடிக்காதீங்க, காத்து போக சந்து இருக்காது.

3. முக்கியமான எடம் இதுதானுங்க. நுண்ணுயிருக்குக் கார்பன் 25லருந்து 30 பங்குன்னா நைட்ரஜன் 1 பங்கு இருக்கோணும், நம்ம சமையக்கட்டுக் கழிவுல நைட்ரஜன்தான் தூக்கல், அதனால கார்பனுக்காக ஒரு பக்கெட் காய்க்கழிவுக்கு ரெண்டு பக்கெட் காஞ்ச எல போடோணும். வேப்பஞ்சருகு, புங்கஞ்சருகு, நறுக்குன சோளத்தட்டு எதுன்னாலும் சரி. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த்தூள் சுளுவாக் கெடைக்குதுன்னு அதையே கொட்டிறாதீங்க, அதுல லிக்னின்ங்கற சுளுவா மக்காத நார்ப்பொருள் ஜாஸ்தி, கார்பன் நைட்ரஜனப் போல 100 மடங்குக்கு மேல இருக்கும், அதான் கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் அத மக்க வெக்க சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேக்கச் சொல்லுது. காஞ்ச பொருள்ல நார்த்தூள் கால்வாசிக்கு மேல வேண்டாம்.

4. பவுடருக்குப் பதிலா பழைய கம்போஸ்ட் ரெண்டு கை, இல்லீன்னா பச்சைச் சாணி ஒரு உருண்டையத் தண்ணில கரைச்சுத் தெளிங்க.

5. ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிங்க, ரெண்டொரு சொட்டு வந்தா சரியான ஈரம். ஒழுகுச்சுன்னா சருகு போடுங்க. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கறப்ப ஓரமெல்லாம் மொறுமொறுன்னு காஞ்சுக்கும், நம்மூருல மக்காம நிக்கறதுக்கு இது ஒரு பெரிய காரணமுங்க, ஈரச் சாக்கு போத்தித் தண்ணி தெளிக்கோணும். ஐப்பசி மழைக்கு மூடியே ஆகோணும்.

6. மூணு நாலு நாளைக்கொருக்கா அடிவரைக்கும் கெளறுங்க. கைய உட்டா உள்ள சுடுச்சுன்னா வேல நடக்குதுன்னு அர்த்தம். பெரிய குமியல்ல 55, 60 டிகிரி வரைக்கும் ஏறும், சின்ன டிரம்ல அவ்வளவு ஏறாது, அதுக்கு மனசு விட்றாதீங்க. சூடு கொறஞ்சா மறுக்கா கெளறுங்க.

மூத்திர வாடை வந்தா காய்க்கழிவு ஜாஸ்தி, சருகு சேருங்க. அழுகுன முட்டை வாடைன்னா காத்தில்லை, மொத்தமாக் கொட்டிக் கெளறி ரொப்புங்க. கறி, மீனு, எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

இப்படிச் செஞ்சா ரொம்புனதுலருந்து 45, 60 நாள்ல கருப்பா உதிரியா, மழை பேஞ்ச மண்ணு வாசத்தோட வந்துரும். சல்லடைல சலிச்சு எடுத்துக்கங்க, மேல நிக்கற கப்பிய ரெண்டாவது டிரம்ல போட்டுருங்க, அதான் அதுக்கு ஒறை.