டெஸ்ட் கிட்டில் எல்லாம் சரி, கோரல் மட்டும் கரைகிறது: மலை வீட்டுத் தொட்டிகளில் நடக்கும் தவறுகள்

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியின் தண்ணீரை டெஸ்ட் கிட்டில் சோதித்தால் அம்மோனியா பூஜ்யம், நைட்ரேட் அளவோடு இருக்கிறது. ஆனாலும் வாரத்துக்கு ஒரு கோரல் (பவள உயிர்) சுருங்கிக் கரைந்து போகிறது. இந்தக் கட்டத்தில்தான் முதல் தவறு நடக்கும்: லைட்டைக் குறைத்து, பாதித் தண்ணீரை மாற்றி, கடையில் கொடுத்த பாட்டிலையும் அன்றைக்கே ஊற்றிவிடுவது. அப்புறம் தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஒரு வாரம் பாருங்கள்.

இங்கே பேசுவது லெதர், மஷ்ரூம், ஜோவா போன்ற மென்பவளங்களைப் பற்றி. கல் பவளங்களும் கடல் விசிறியும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. அவற்றை வீட்டில் வைக்கும் பேச்சே வேண்டாம்.

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் முதலில் சந்தேகப்பட வேண்டியது உலோகத்தை. மலைத் தண்ணீர் மென்மையானது, அதனால் சுத்தமானது என்று நம்பிவிடுகிறோம். உப்புச்சத்து குறைந்த, சற்றே அமிலத்தன்மை உள்ள தண்ணீர்தான் குழாயையும் பித்தளைக் குழாய்த் தலையையும் அதிகம் அரிக்கும். குளிருக்குப் பயந்து கீசர் தண்ணீரைக் கலப்பது இன்னும் மோசம். பல கீசர்களின் உள்ளே செம்புதான். தகரக் கூரையில் பிடித்த மழைத்தண்ணீரில் துத்தநாகம் இறங்கும். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடென்றால் இன்னொன்றும் உண்டு: மழைக்காலத்தில் கொப்புள நோய்க்குத் தெளிக்கும் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற செம்பு மருந்து காற்றில் வந்து கூரையில் படியும். மனிதருக்கு ஒன்றும் செய்யாத அளவு செம்பு, கோரல் போன்ற முதுகெலும்பில்லாத உயிருக்கு விஷம்.

சமையலறை ஆர்.ஓ. மெஷினையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ருசிக்காக வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) திருகு பலவற்றில் இருக்கிறது. சிலவற்றில் உடம்புக்கு நல்லது என்று செம்புக் குப்பியையே வைத்திருக்கிறார்கள்! மெம்பிரேன் என்ற வடிகட்டும் சவ்வை விட்டு வடிந்த தண்ணீர் வெளியே வரும் குழாயிலேயே பிடித்து, மிச்சம் கரைந்திருப்பதையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் வழியாக விட்டு, டிடிஎஸ் மீட்டரில் 0 வருகிறதா என்று பாருங்கள். உலோகம் ஏறிவிட்டதாகத் தோன்றினால் வெறும் கரி போதாது, உலோகம் உறிஞ்சும் பட்டையைப் போட வேண்டும். சில வகைப் பட்டைகள் செம்பு இருந்தால் நீலமாக மாறும், அதுவே சோதனையும் ஆகிவிடும். கூடவே அலைமோட்டார் காந்தத்தையும் கண்ணாடி துடைக்கும் காந்தத்தையும் வெளியே எடுத்து, உறையில் வெடிப்போ பழுப்புக் கறையோ இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது உப்பு. காலையில் 10 டிகிரியில் இருக்கும் பக்கெட்டில் உப்பைக் கரைத்து, தண்ணீரின் அடர்த்தியைக் காட்டும் மிதவை அளவியில் 1.026, அதாவது 35 பிபிடி (ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்பு), வந்ததும் நிறுத்திவிடுவார்கள். குளிர்ந்த தண்ணீர் அடர்த்தி கூடியது. அளவி 35 பிபிடி என்று காட்டும்போது உண்மையில் இருப்பது 30 பக்கம்தான். பக்கெட்டிலேயே சிறிய ஹீட்டரும் மோட்டாரும் போட்டு, 25 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஒரு நாள் சுழலவிட்டு அளக்க வேண்டும். 20 லிட்டருக்குச் சுமார் 750 கிராம் உப்பு பிடிக்கும். ஒளியை வைத்து உப்பளவு காட்டும் ரெஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்பவர்கள் அதை 35 பிபிடி திரவத்தில் சரிபார்க்கட்டும், வெறும் தண்ணீரில் வேண்டாம். ஆவியாகிக் குறைந்ததை உப்புப் போடாத நல்ல தண்ணீரால் மட்டுமே நிரப்புங்கள்.

ஹீட்டர் விஷயத்தில் வோல்டேஜை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 230-க்குச் செய்த 200 வாட் ஹீட்டர், 180 வோல்ட்டில் 122 வாட்தான் தரும். வெளியே உறைபனி விழும் ஜனவரி ராத்திரியில் அது எங்கே காணும்? 200 லிட்டர் தொட்டிக்கு 200 வாட் ஹீட்டர் இரண்டு வைத்தால், ஒன்று செத்தாலும் தொட்டி அடியோடு குளிராது, ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டாலும் எல்லாம் வெந்துபோகாது. தெர்மாமீட்டரை மாலையில் பார்த்துப் பயனில்லை. விடிகாலை ஆறு மணிக்குப் பாருங்கள்.

குளிருக்கு ஜன்னலை அடைத்த அறையில் கரியமில வாயு தேங்கி பிஹெச் 7.8-க்கும் கீழே போகலாம். பிஹெச்சை ஏற்றும் பஃபர் பொடியைத் தேடும் முன்னால் ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை வெளியே வைத்து ஒரு மணி நேரம் காற்றூதிப் பாருங்கள். பிஹெச் ஏறினால் குறை தண்ணீரில் இல்லை, அறையில். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு, தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைவு. மழையில் மரம் விழுந்து கரன்ட் போகும் ஊர்களில் பேட்டரி ஏர் பம்ப் இல்லாமல் தொட்டி வைக்கவே கூடாது.

லெதர் கோரல் சில நாள் மூடிக்கொண்டு மெழுகு பூசியதுபோல் மினுங்கினால் பதற வேண்டாம். தோல் உரிக்கிறது, அவ்வளவுதான். நீரோட்டத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் தானே கழன்றுவிடும்.