அரிவாளை எடுத்தால் மட்டும் போதாது: எதிரி காட்டிய பொருளை நீதிமன்றத்தில் நிற்க வைப்பது எப்படி?

பயிற்சியில் இருக்கும் எஸ்.ஐ.க்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கொலை வழக்கு, எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவனைப் பிடித்தாகிவிட்டது, ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள், "அரிவாளை மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் வைக்கோல் போருக்குள் செருகி வைத்திருக்கிறேன் சார்" என்கிறான். அடுத்து என்ன செய்வீர்கள்? பாதிப் பேர் ஜீப்பை எடுப்போம் என்பார்கள். நிறைய வழக்குகள் கெடுவது அந்த இடத்தில்தான். வைக்கோல் போர் எங்கும் ஓடிவிடாது, முதலில் பேப்பரை எடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. போலீஸ் காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் சொன்னாலும், அந்த இடத்தில் நீதித்துறை நடுவர் நேரில் இல்லையென்றால், அதுவும் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தில் இவை 25, 26 பிரிவுகள். இதற்கு இருந்த ஒரே வாசல் 27. புதிய சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் மூன்றையும் 23-ஆம் பிரிவுக்குள் சேர்த்துவிட்டார்கள், பழைய 27 இப்போது அதன் வரம்புரையாக, அதாவது விதிவிலக்குச் சொல்லும் பகுதியாக இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இதுதான் நடைமுறை. அன்றைக்கு நிலுவையில் இருந்த விசாரணைகளுக்குப் பழைய சட்டமே தொடரும் என்பதால் இரண்டு எண்களும் தெரிந்திருக்க வேண்டும். கோர்ட்டில் இன்னும் பல வாய்கள் "இருபத்தேழு" என்றுதான் சொல்கின்றன.

வாசல் என்றேன், ஆனால் அது ரொம்பக் குறுகலான வாசல். காவலில் இருக்கும் எதிரி சொன்ன தகவலால் ஒரு விஷயம் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாக ஒட்டியிருக்கிற சொற்கள் மட்டும் உள்ளே போகும். மீதி வெளியே. இதற்கு எல்லோரும் காட்டும் தீர்ப்பு புலுகுரி கோட்டையா வழக்கு, மதராஸ் உயர் நீதிமன்றத்திலிருந்து அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன மேல்முறையீடு, 1947-இல் வெளியானது. அதில் சொன்னதன் சாரம் இதுதான்: வீட்டுக் கூரையில் கத்தியை மறைத்து வைத்திருக்கிறேன் என்று ஒருவன் சொல்லி அதை எடுத்தால், கண்டுபிடித்தது கத்தியை அல்ல, கத்தி என்ற பொருளை மனிதன் எப்போதோ கண்டுபிடித்துவிட்டான். அது அங்கே ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது, அது அவனுக்குத் தெரியும், இதுதான் கண்டுபிடிப்பு. 'அதை வைத்துத்தான் குத்தினேன்' என்று அவன் சேர்த்துச் சொன்னால் அந்தத் துண்டு சாட்சியமாகாது. குத்தியது அந்தக் கத்திதானா என்பதை நீங்கள் வேறு வழியில் நிரூபித்துக்கொள்ள வேண்டும்.

1975-இல் உச்ச நீதிமன்றம் முகமது இனாயத்துல்லா வழக்கில் இதே கத்தரிக்கோலை வைத்தது. மூன்று ரசாயன டிரம்களை வைத்திருக்கும் இடத்தைச் சொல்கிறேன் என்ற பகுதி மட்டும் நின்றது, எங்கிருந்து எப்போது எடுத்தேன் என்ற பகுதி விழுந்தது.

சரி, நம் அரிவாளுக்கு வருவோம். ஸ்டேஷனை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே இரண்டு சாட்சிகளை வரவழையுங்கள், அவர்கள் முன்னிலையில் எதிரி சொல்வதை அவன் வாயிலிருந்து வருகிற சொற்களிலேயே எழுதுங்கள். நாம் என்ன செய்கிறோம்? எல்லா வழக்கிலும் ஒரே அச்சு: "என்னை அழைத்துச் சென்றால் சம்பவத்திற்குப் பயன்படுத்திய ஆயுதத்தை மறைத்து வைத்திருக்கும் இடத்தை அடையாளம் காட்டி எடுத்து ஆஜர்படுத்துகிறேன்." இது எழுத்தரின் தமிழ். எட்டாவது படித்த லாரி கிளீனர் இப்படிப் பேச மாட்டான் என்று குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. அவன் "மாமா தோட்டத்து மோட்டார் கொட்டாய்க்குப் பின்னாடி வைக்கப் போருல வடக்குப் பக்கமா செருகி வெச்சிருக்கேன், வந்தா எடுத்துத் தரேன்" என்றால் அதையே எழுதுங்கள். இடம், திசை, ஒளித்தவன் தான்தான் என்பது, மூன்றும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. 'ஒளித்து வைத்தேன்' என்ற சொல் இல்லாமல் 'அங்கே இருக்கிறது' என்று மட்டும் எழுதினால், வேறு யாரோ வைத்ததை இவன் பார்த்திருக்கலாமே என்ற வாதத்துக்கு இடம் கொடுத்தவர் நீங்கள்தான்.

அடித்து வாங்கிய வாக்குமூலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கட்டாயப்படுத்திப் பெற்ற தகவலுக்கு இந்த வாசலும் திறக்காது, தனக்கு எதிராகவே சாட்சி சொல்லும்படி எந்த எதிரியையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற அரசியல் சாசனத்தின் 20(3) குறுக்கே நிற்கும். 1961-இலேயே காத்தி காலு வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்ந்து சொன்னது இது.

சாட்சிகள் யார்? நம் ஊரில் வி.ஏ.ஓ.வும் அவருடைய உதவியாளரும்தான், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். தவறில்லை, ஆனால் அந்த வி.ஏ.ஓ. உங்கள் ஸ்டேஷனின் எல்லா வழக்கிலும் சாட்சியாக இருந்தால் அவருடைய கையெழுத்துக்கு மதிப்புக் குறைந்துகொண்டே போகும். எதிரி காட்டி எடுப்பது சோதனை ஆகாது, அதனால் சோதனைக்கான சாட்சி விதிகள் இதற்கு அப்படியே பொருந்தாது என்று 2000-இல் சுனில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது உண்மைதான். அதைப் பிடித்துக்கொண்டு சாட்சியே இல்லாமல் கிளம்பிவிடாதீர்கள். 2022-இல் சுப்ரமண்யா வழக்கில் அதே நீதிமன்றம், ஸ்டேஷனிலேயே இரண்டு சுயேச்சையான சாட்சிகள் முன்னிலையில், எதிரி சொன்ன சொற்கள் அடங்கிய முதல் பகுதியை எழுதி முடித்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும் என்று விரிவாகச் சொன்னது. எழுதினால் நஷ்டம் ஒன்றுமில்லை.

இடத்துக்குப் போனதும் எதிரி முன்னால் நடக்க வேண்டும், நீங்கள் பின்னால். ஏற்கெனவே ஒரு ஏட்டு போய் வைக்கோல் போரைக் கிளறிப் பார்த்துவிட்டு வந்திருந்தால் அது கண்டுபிடிப்பே அல்ல. போலீசுக்கு முன்பே தெரிந்த விஷயத்தை எதிரி மறுபடி காட்டினால் சட்டத்தின் கண்ணில் எதுவும் நடக்கவில்லை. பொது இடமாக இருந்தால் பயப்பட வேண்டாம். எல்லோரும் நடமாடும் இடமா என்பதைவிட, சாதாரணமாகப் போகிறவர் கண்ணில் படும்படி பொருள் இருந்ததா என்பதுதான் கேள்வி, ஜீத் சிங் வழக்கில் 1999-இல் சொன்னது. அதனால் எத்தனை அடி ஆழத்தில் இருந்தது, வெளியே பிடி தெரிந்ததா இல்லையா என்று மகஜரில், அதாவது சாட்சிகள் முன்னிலையில் அங்கேயே எழுதும் பதிவில் எழுதுங்கள்.

வீடியோ. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 105-ஆம் பிரிவின்படி சோதனையையும் கைப்பற்றுதலையும், பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குவது வரை, ஒலி-ஒளிப் பதிவு செய்து தாமதமில்லாமல் நடுவருக்கு அனுப்ப வேண்டும். செல்போனிலேயே எடுக்கலாம். அரிவாள் கையில் வந்த பிறகு ஆன் செய்து, எல்லோரும் வரிசையாக நிற்கும் படம் எடுப்பது பதிவு ஆகாது, அது குரூப் போட்டோ. எதிரி வண்டியிலிருந்து இறங்கும்போதே தொடங்குங்கள். அந்தக் கோப்பைக் கோர்ட்டில் சாட்சியமாகக் குறியிட புதிய சாட்சியச் சட்டத்தின் 63(4) சான்றிதழ் வேண்டும், பழைய 65-பி. புதிய படிவத்தில் இரண்டு பகுதி: ஒன்று கருவியை வைத்திருந்தவர் தருவது, இன்னொன்று நிபுணர் தருவது, இரண்டிலும் ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு, கேட்கிறது. அன்றைக்கே ஹாஷ் எடுத்து வைத்தால் ஐந்து நிமிட வேலை, மூன்று வருடம் கழித்து அந்த போன் எங்கே போனது என்று தேடுவது வேறு வேலை.

அரிவாளின் மொத்த நீளம், பிடியின் நீளம், துரு, கறை, பிடியில் சுற்றிய கயிற்றின் நிறம், எல்லாம் எழுதுங்கள். இரத்தக் கறை ஈரமாக இருந்தால் நிழலில் காய வைத்து காகித உறையில் போடுங்கள், பிளாஸ்டிக் பையில் அடைத்தால் கறை கெட்டுப்போகும். அங்கேயே சீல் வையுங்கள், சாட்சிகள் கையெழுத்திட்ட சீட்டும் அங்கேயே ஒட்டப்பட வேண்டும்.

அப்புறம் நேரம். இதில்தான் எனக்குக் கோபமே வரும். கைது குறிப்பாணை, வாக்குமூலம், கைப்பற்றுதல் மகஜர், பொது நாட்குறிப்பு, வண்டியின் பயணப் பதிவேடு, இந்த ஐந்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீங்களே முதல் குறுக்கு விசாரணை செய்யுங்கள். வாக்குமூலம் 10.30-க்கு முடிந்து, 14 கிலோமீட்டர் தள்ளி 10.40-க்கு மகஜர் தொடங்கினால் யாரும் கேட்காமல் விடமாட்டார்கள். காலை 6 மணிக்கு சம்பவ இடத்தில் எழுதிய பார்வை மகஜரின் தலைப்பில் குற்ற எண் இருக்கிறது, ஆனால் அந்த எண்ணைத் தரும் முதல் தகவல் அறிக்கை பதிவானதே 6.45-க்கு என்றால், அந்த மகஜர் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதியது என்பதை நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி. கைதுக்கான காரணங்களை எதிரிக்கு எழுத்தில் கொடுத்த நேரமும் இந்த வரிசையில் சேரும், ரிமாண்டுக்குப் போகும்போது நடுவர் முதலில் அதைத்தான் பார்க்கிறார்.

பொருளைப் படிவம் 95-இல் நீதிமன்றத்துக்கு உடனே அனுப்புங்கள். ஸ்டேஷன் பீரோவில் பத்து நாள் தூங்கிய அரிவாளில் ஆய்வகம் மனித இரத்தம் கண்டுபிடித்தாலும், அந்தப் பத்து நாளும் சாவி யாரிடம் இருந்தது என்றுதான் கேள்வி வரும். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரிடம் அரிவாளைக் காட்டி, உடம்பில் இருந்த காயங்கள் இதனால் ஏற்பட்டிருக்கலாமா என்று கருத்துக் கேட்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். கோட்டையா வழக்கு வெளியே தள்ளிய அந்த 'இதை வைத்துத்தான் வெட்டினேன்' என்ற துண்டை ஈடுகட்ட உங்களிடம் இருப்பது அந்த டாக்டரும் ஆய்வக அறிக்கையும்தான்.

கடைசியாகக் கூண்டு. மகஜர் சாட்சி பிறழ்ந்துவிட்டால் வழக்கு முடிந்தது என்று இடிந்து போகாதீர்கள், உங்கள் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அதை வைத்தே பொருளைக் கைப்பற்றியதை நீதிமன்றம் ஏற்கலாம். ஆனால் "எதிரி கொடுத்த வாக்குமூலத்தின் பேரில் அரிவாளைக் கைப்பற்றினேன்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு இறங்கினால் அது நிற்காது. அவன் என்ன சொன்னான், எந்தச் சொற்களில் சொன்னான் என்று, கூண்டில் அரசு வழக்கறிஞர் கேட்கும் முதல் விசாரணையிலேயே உங்கள் வாயால் வர வேண்டும். அரசு வழக்கறிஞர் கேட்க மறந்தால் நீங்களே சொல்லுங்கள்: வைக்கப் போரு, வடக்குப் பக்கம், நான்தான் செருகி வெச்சேன்.