நோட்டீஸும் நாலு பேர் சொல்லும்: வடசென்னையில் ஓட்டு கேட்கும் முறை

சின்னக் கட்சியிலோ சுயேச்சையாகவோ நிற்பவர் முதல் பணத்தைச் சின்னத்துக்குச் செலவழிக்க வேண்டும். 2017-இல் ஆர்.கே.நகரில் நடந்ததைப் பாருங்கள். பணப் பட்டுவாடா புகாரால் ரத்தான ஏப்ரல் தேர்தலில் டி.டி.வி. தினகரனுக்குத் தொப்பி, டிசம்பரில் அது கிடைக்காமல் பிரஷர் குக்கர் வந்தது. வாக்குப்பதிவுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம்தான் இருந்தது. 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். முகம் முன்பே தெரிந்தது என்பது உண்மை. ஆனால் மெஷினில் கை தேடிப்போக வேண்டியது புதுச் சின்னத்தை அல்லவா!

நோட்டீஸ் ஏ5 அளவில் ஒரு பக்கம் போதும். மேல் பாதி முழுக்கச் சின்னம், கறுப்புக் கோட்டில், மெஷினில் இருக்கிற அதே வடிவில். அழகுக்காகச் சாய்க்காதீர்கள், வண்ணம் ஏற்றாதீர்கள். வேட்புமனுவோடு கொடுத்த படம்தான் மெஷினிலும் வரும். நோட்டீஸிலும் அதையே போடுங்கள். நோட்டீஸில் இளவயதுப் படமும் மெஷினில் நரைத்த முகமும் இருந்தால் வயதானவர்கள் குழம்பிப்போவார்கள். அச்சகம், வெளியிடுபவர் இருவரின் பெயர் முகவரி கட்டாயம். விட்டால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

கீழ்ப் பாதியில் ஒரே ஒரு விஷயம். ‘தொகுதி வளர்ச்சிக்கு’ என்பது யார் காதிலும் ஏறாது. ‘நம்ம தெரு குழாயில சாக்கடை கலந்து வருது. பழைய பைப்பை மாத்தச் சொல்லி முதல் மாசமே கேட்பேன்’ என்றால் குடத்தோடு நிற்கிற பெண் நின்று படிப்பார். கொடுங்கையூரில் குப்பைக் கிடங்கு நாற்றம், எண்ணூரில் சாம்பல், திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரி. ஏரியாவுக்கு ஒரு நோட்டீஸாகத் தனித்தனியே அடியுங்கள்.

ஆட்டோ மைக்கும் அப்படித்தான். சந்தில் ஒரு வீட்டைக் கடக்கச் சில விநாடிகளே ஆகும். பெயர், சின்னம், ஒரு விஷயம், அவ்வளவுதான். சாவு வீட்டுத் தெருவில் மைக்கை நிறுத்திவிடுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை எங்குமே கூடாது.

அடுத்தவர் வாயால் ஓட்டு கேட்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நடிகர் வந்தால் கூட்டம் சேரும்; அதில் பாதிப் பேருக்கு இங்கே ஓட்டே இருக்காது. தெருவுக்குத் தெரிந்தவர் தன் வாசலில், தான் பார்த்ததை மட்டும் சொன்னால் அது நிற்கும்: ‘போன மழைக்கு முட்டி வரைக்கும் தண்ணி. இவருதான் மோட்டார் கொண்டாந்து வெச்சாரு. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது.’ அந்தக் கடைசி வரியை வெட்டாதீர்கள். நம்பிக்கை பிறப்பதே அதில்தான். எழுதிக் கொடுத்துப் படிக்கவைத்தால் முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். சுயஉதவிக் குழுத் தலைவி, இட்லிக்கடை அக்கா, தொழிற்சங்கச் செயலாளர் எல்லாம் நல்ல குரல்கள். அரசு ஊழியரை இழுக்காதீர்கள். மதம், சாதி பெயரால் ஓட்டு கேட்டால் வெற்றியே செல்லாமல் போகலாம்.

காசிமேட்டில் யாரைப் பார்ப்பது என்பதைவிட எப்போது பார்ப்பது என்பதே பெரிது. விசைப்படகுக்காரர்கள் கடலுக்குப் போனால் நாள்கணக்கில் வீட்டில் இருக்க மாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2024 ஏப்ரல் 19 வாக்குப்பதிவு அதற்குள் வந்தது, 2021 ஏப்ரல் 6 அதற்கு முன்பே முடிந்தது. தேதி அறிவித்ததுமே காலண்டரைப் பாருங்கள். தடைக்கு முன் என்றால் ஏலம் முடிந்த பிறகு வலை பின்னும் இடத்துக்குப் போங்கள். ஏலம் நடக்கும்போது நோட்டீஸ் நீட்டினால் மீன் மடிக்கத்தான் உதவும்.

மெஷினில் உங்கள் வரிசை எண், மனு வாபஸ் முடிந்து இறுதிப் பட்டியல் வந்த பிறகே தெரியும். அதனால் அச்சுப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். எண், படம், சின்னம் மட்டும் உள்ள உள்ளங்கை அளவுச் சீட்டைக் கடைசி வாரம் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்து முடியுங்கள். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் பொதுக்கூட்டமோ ஊர்வலமோ நடத்தக் கூடாது.