பேராசிரியர்களின் கட்டுரைகளை எல்லாரும் இலவசமாகப் படிக்க வைப்பது எப்படி?

எங்கள் பல்கலைக்கழகத்தில் ரெபாசிட்டரி (கட்டுரைகளைச் சேமித்து இணையத்தில் வைக்கும் களஞ்சியம்) பல வருடமாக இருக்கிறது. உள்ளே போனால் பழைய கேள்வித்தாள்களும் ஆண்டறிக்கைகளும்தான். அதில் ஆய்வுக் கட்டுரைகளை ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது, அதில் பிடிபட்டதை எழுதுகிறேன். அக்டோபரில் ஓப்பன் ஆக்சஸ் (இலவச அணுக்க) வாரம் வந்தால் பேனர் கட்டி, டீ பிஸ்கட்டோடு கூட்டம் போடுவார்கள். போடட்டும், ஆனால் கூட்டம் முடிந்ததும் ஒரு பிடிஎஃப் கூட வராது. ஒவ்வொருவரிடமும் போய்ச் சரியான கோப்பைக் கேட்டு வாங்கினால்தான் உண்டு.

ரெபாசிட்டரியை இயக்கும் டிஸ்பேஸ் மென்பொருளை நிறுவுவது பற்றி எழுதவில்லை, அது கணினி மையத்தின் பாடு. உங்கள் கல்லூரியில் ரெபாசிட்டரியே இல்லையென்றால் ஜெனோடோ என்ற பொதுக் களஞ்சியம் போதும். ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மையமான செர்ன் நடத்துகிறது, இலவசம், டிஓஐயும் (கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாள எண்) கிடைக்கும். பிஎச்.டி. ஆய்வேடுகளை இதில் சேர்க்காதீர்கள், யுஜிசி விதிப்படி அவை ஆய்வேடுகளுக்கான தேசியக் களஞ்சியமான ஷோத்கங்காவுக்குப் போக வேண்டியவை.

படி 1: ஆய்வுக் கட்டுரைகளின் இலவசத் தரவுத்தளமான ஓப்பன்அலெக்ஸில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டு, இலவசமாகக் கிடைக்காத கட்டுரைகளை மட்டும் வடிகட்டிப் பட்டியலை இறக்குங்கள். ஸ்கோபஸ் வேண்டாமா என்று கேட்பார்கள். சந்தா கட்டிப் பார்க்கும் தளத்தை வைத்து இலவச அணுக்கத்துக்கு வேலை செய்வது எனக்கு ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

படி 2: ஒவ்வொரு ஆய்விதழும் எதை அனுமதிக்கிறது என்று ஓப்பன் பாலிசி ஃபைண்டர் என்ற தளத்தில் பாருங்கள் (முன்பு ஷெர்பா ரோமியோ என்று இருந்ததுதான்). இதழின் பெயரைப் போடாமல் ஐஎஸ்எஸ்என் எண்ணை (ஒவ்வொரு இதழுக்கும் தனியாக உள்ள எண்) போடுங்கள், ஒரே மாதிரிப் பெயரில் இதழ்கள் நிறைய. எத்தனை மாதம் காத்திருந்து வெளியிட வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கும்.

படி 3: எல்லாரும் சிக்குவது இங்கேதான், நிதானமாகப் படியுங்கள். படிக்கச் சந்தா கேட்கும் இதழ்களில் பெரும்பாலானவை ஏற்ற விடுவது, மதிப்பீட்டாளர் சொன்ன திருத்தங்களைச் செய்து ஏற்றுக்கொள்ளப்பட்ட கைப்பிரதியை மட்டுமே. பதிப்பாளர் அழகாக வடிவமைத்த பிடிஎஃபை அல்ல. பேராசிரியரிடம் “சார், அந்தக் கட்டுரையை அனுப்புங்க” என்றால் அழகான பிடிஎஃப்தான் வரும். “அதுக்கு முந்தினது” என்றால் ப்ரூஃப் (பிழை பார்க்கப் பதிப்பாளர் அனுப்பும் படி) வரும். ஓரத்தில் ஏக்யூ1, ஏக்யூ2 என்று கேள்விகள் இருந்தால் அது ப்ரூஃப், அதுவும் பதிப்பாளருடையதே. நமக்கு வேண்டியது பார்க்கச் சுமாராக இருக்கும்: வரிகளுக்கு நடுவே பெரிய இடைவெளி, இடப்பக்கம் வரி எண்கள், படங்கள் எல்லாம் கடைசியில், லோகோ கிடையாது.

தொலைந்துவிட்டது என்பார்கள். தொலைந்திருக்காது. இதழுக்குக் கட்டுரை அனுப்பும் தளமான எடிட்டோரியல் மேனேஜரில் கட்டுரையை அனுப்பியவரின் கணக்கில் நுழைந்து, முடிவான கட்டுரைகள் இருக்கும் பகுதியில் கடைசித் திருத்தத்தைத் திறந்தால் கிடைத்துவிடும். அந்தக் கணக்கு பெரும்பாலும் கைடிடம் இருக்காது, ஸ்காலரிடம் இருக்கும். அவரோ படிப்பை முடித்து எங்கோ வேலையில் இருப்பார். அவருடைய வாட்ஸ்ஆப் எண்ணை வாங்குங்கள். அங்கே இறக்கும் பிடிஎஃபில் மதிப்பீட்டாளருக்கு எழுதிய பதில் கடிதமும் சேர்ந்தே வரலாம், அந்தப் பக்கங்களை வெட்டிவிட்டு ஏற்றுங்கள்.

இனி வரும் கட்டுரைகளுக்கு ஒரே வழி: ஏற்பு மின்னஞ்சல் வந்த அன்றே அதையும் வேர்ட் கோப்பையும் நூலகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். இதைப் பழக்கமாக்கினால் பாதி வேலை மிச்சம்.

படி 4: ஏற்றும்போது காத்திருப்புக் காலம் முடியும் தேதியைக் கொடுங்கள், அதுவரை டிஸ்பேஸ் கோப்பைப் பூட்டி வைக்கும், விவரங்கள் மட்டும் தெரியும். இதழில் வந்த கட்டுரையின் டிஓஐயைக் கண்டிப்பாகப் போடுங்கள். உரிமமும் பதிப்பாளர் சொன்னபடிதான், எல்சேவியர் பதிப்பகம் என்றால் சிசி பை-என்சி-என்டி (பெயர் சொல்லிப் பகிரலாம், வணிகத்துக்கோ மாற்றவோ கூடாது). கூகுள் ஸ்காலரில் வர வேண்டுமானால் முதல் பக்கத்தில் தலைப்பு பெரிய எழுத்திலும் அதன் கீழே ஆசிரியர் பெயர்களும் இருக்கட்டும், கோப்பு 5 எம்பிக்குள் இருக்கட்டும். வெறும் ஸ்கேன் படம் உதவாது.

பின்சேர்க்கை: கருத்துப் பெட்டியில் கேட்டவர்களுக்கு.

ஆய்விதழ்களுக்கு அரசே சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ வந்துவிட்டதே, இது எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். 2025-இல் தொடங்கிய அந்தத் திட்டம் அரசு நிறுவனங்களுக்கானது, அதனால் நாம் பிறருடைய கட்டுரையைப் படிக்கலாம். நம் கட்டுரையைத் தனியார் கல்லூரி ஆசிரியரோ மாவட்டத் தலைநகரில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரோ படிக்க அது வழி செய்யாது.

ஆய்வாளர்களின் சமூக வலைத்தளமான ரிசர்ச்கேட்டில் போட்டாலே போதாதா? போதாது. அது ஒரு கம்பெனியின் தளம், 2017-இல் எல்சேவியரும் அமெரிக்க வேதியியல் கழகமும் அதன்மேல் ஜெர்மனியில் வழக்குப் போட்டன. கைப்பிரதியை ரெபாசிட்டரியில் ஏற்ற விடும் இதழ்கள் அங்கேயும் ஏற்ற விடும் என்று நம்பாதீர்கள்.

தமிழ்த்துறையிலிருந்து வந்த கேள்விதான் நான் யோசிக்காதது: கட்டுரையை ஏற்றியாகிவிட்டது, ஆனால் தேடினால் வரவில்லை. பிடிஎஃபிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ‘தமிழ்’ இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகள் வந்தால் அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது, கண்ணுக்குத்தான் தமிழ். வேர்ட் கோப்பை என்எச்எம் கன்வர்ட்டரில் யுனிகோடுக்கு மாற்றிவிட்டு மறுபடி பிடிஎஃப் எடுங்கள். நடுவில் வரும் ஆங்கில வரிகளையும் சேர்த்து மாற்றினால் அவை கந்தலாகிவிடும், தமிழ்ப் பகுதியை மட்டும் தனியாக மாற்றுங்கள். வேர்ட் கோப்பே இல்லை, அச்சுப் பிரதிதான் இருக்கிறது என்றால் தலைப்பு, சுருக்கம், குறிச்சொற்களையாவது டிஸ்பேஸ் படிவத்தில் யுனிகோடில் அடித்துவிடுங்கள்.