கூட்டுக் காணிக்கை: பாப்டிஸ்ட் சபைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிச் சீமையில் பல ஊர்ச் சபைகளை ஒரு குருவானவரின் பொறுப்பில் இணைக்கும் பிரிவுக்குச் சேகரம் என்று பெயர். சேர்த்து வைப்பது என்பதே அந்தச் சொல்லின் பொருள். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியைத் தனிப் பானையில் எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுவந்த தாய்மாரின் வழக்கம் நம் மூத்தவர்களின் நினைவில் இன்னும் இருக்கிறது. 1903ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவானபோது, வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா முதலியோர் இந்தியரின் பணம், இந்திய ஊழியர், இந்தியரின் நிர்வாகம் என்ற கொள்கையோடு தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அது ஆங்கிலிக்கன் சபையாரின் முயற்சி. ஆனாலும், எளிய குடும்பங்களின் சிறு காணிக்கைகள் ஒன்றுசேர்ந்தால் தொலைவான ஊழியத்தையும் தாங்கும் என்பதை இந்த மண்ணுக்குக் காட்டியது.

இதே மண்ணில் உள்ள பாப்டிஸ்ட் சபைகளின் நிலை சற்று வேறானது. அவற்றுக்குப் பேராயர் இல்லை, மறைமாவட்டம் இல்லை. ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தன் சபைக் கூட்டத்திலேயே தீர்மானிக்கிறது. ஆகையால் பல சபைகள் ஒரு பொதுநிதிக்குக் கொடுப்பது முழுவதும் மனமுவந்த செயல். கட்டாயம் இல்லாத இடத்தில் ஒழுங்கும் வேண்டாம் என்று நாம் எண்ணிக்கொள்வதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் முளைக்கின்றன.

எல்லாவற்றிலும் கேடானது, மிச்சத்தை அனுப்புவது. போதகரின் சம்பளம், மின்கட்டணம், ஒலிபெருக்கிப் பழுது, பண்டிகைச் செலவு எல்லாம் போக மாதக் கடைசியில் பெட்டியில் கிடப்பதை ஊழிய நிதிக்கு அனுப்புவோம் என்று தீர்மானிக்கும் சபையில், மிச்சம் இருப்பதே அபூர்வம். ஒரு சிறிய சபையில் நான் பொருளாளராக இருந்தபோது நாங்கள் இப்படித்தான் செய்தோம். அந்த ஆண்டில் மூன்று மாதங்கள் தொடர்ந்து எதுவும் அனுப்பவில்லை. எங்களை நம்பி உள்கிராமத்தில் ஊழியம் செய்தவரின் வீட்டில் அந்த மூன்று மாதங்களும் எப்படிக் கழிந்தன என்பதைப் பிறகுதான் அறிந்தோம். அதை இன்றும் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். வரும் காணிக்கையில் இத்தனை விழுக்காடு என்று முன்னதாகவே தீர்மானித்து, எந்தச் செலவுக்கும் முன் அதை எடுத்து வைப்பதே முறை. பிடியரிசி எடுத்த தாய்மாரும் உண்டபின் மிஞ்சியதைக் கொடுக்கவில்லை, உலை வைக்கும் முன் எடுத்தார்கள்.

விழுக்காட்டுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. மாதம் 60,000 ரூபாய் காணிக்கை வரும் நகரச் சபை பத்து விழுக்காடாக 6,000 கொடுக்கும். பீடி சுற்றும் பெண்களும் பனையேறும் குடும்பங்களும் நிறைந்த ஊர்ச் சபைக்கு 8,000 வந்தால் 800 கொடுக்கும். மழை பொய்த்துப் பிசான நெல் விளைச்சல் கைவிட்ட ஆண்டில் தொகை தானாகவே குறையும்; யாரும் யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை. எல்லாச் சபைக்கும் ஒரே தொகை என்று வகுத்தால், சிறிய சபை இரண்டாம் ஆண்டிலேயே வெளியேறிவிடும். கொடுக்கும் தொகைக்கேற்பப் பேசும் உரிமையையும் அளந்து கொடுப்பது இதனோடு சேர்ந்த தவறு. 800 கொடுத்த சபையின் பிரதிநிதிக்கும் 6,000 கொடுத்த சபையின் பிரதிநிதிக்கும் கூட்டத்தில் ஒரே மதிப்புதான் இருக்க வேண்டும்.

இந்த விழுக்காட்டு முறைக்குப் பெயர்பெற்ற முன்மாதிரி அமெரிக்காவில் உள்ளது. அந்நாட்டுத் தென்னக பாப்டிஸ்ட் கன்வென்ஷன் என்ற சபைக் கூட்டமைப்பின் சபைகளில், ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி ஆளை அனுப்பி வாரந்தோறும் கைநீட்டிய காலம் ஒன்று இருந்தது. நன்றாகப் பேசத் தெரிந்தவரின் ஊழியம் செழித்தது. பேசத் தெரியாதவரின் ஊழியம் காய்ந்தது. 1919இல் ஐந்து ஆண்டுகளில் ஏழரைக் கோடி டாலர் திரட்டும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஒன்பது கோடிக்கும் மேல் வாக்களிக்கப்பட்டது. கைக்கு வந்ததோ ஆறு கோடியைத் தொடவில்லை. வாக்குறுதியை வருமானமாக எண்ணிச் செலவைப் பெருக்கிய நிறுவனங்கள் கடனில் சிக்கின. அந்த அனுபவத்துக்குப் பின்னர் 1925இல் கூட்டுறவுத் திட்டம் ஏற்கப்பட்டது. ஒவ்வொரு சபையும் தன் விழுக்காட்டைத் தானே தீர்மானித்து மாநிலக் கன்வென்ஷனுக்கு அனுப்பும். அது மாநில ஊழியத்துக்கு ஒரு பங்கை வைத்துக்கொண்டு மீதியைத் தேசிய அமைப்புக்கு அனுப்பும். தேசிய அளவில் சேர்வதில் பாதிக்குச் சற்று அதிகமான பங்கு பல ஆண்டுகளாக அயல்நாட்டு மிஷனுக்குப் போய்வருகிறது.

நற்செய்திக் கூட்டத்தில் எழுந்து நின்று இத்தனை தருவேன் என்று வாக்குக் கொடுப்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்களின் மனம் உண்மையானதே. ஆனால் வாக்குக் கொடுக்கப்பட்ட தொகையை நம்பிப் புதிய ஊழியரை நியமிப்பது, முளைக்காத நாற்றை நம்பிக் கூலிக்கு ஆள் பேசுவதைப் போன்றது. சென்ற ஆண்டு உண்மையில் வந்த தொகையைக் கொண்டே இந்த ஆண்டின் திட்டத்தை வகுக்க வேண்டும்.

குறித்துக் கொடுக்கப்படும் காணிக்கை பற்றியும் குழப்பம் நிலவுகிறது. அநாதைப் பிள்ளைகளின் இல்லத்துக்கென்றால் பணம் வரும். ஓய்வுபெற்ற போதகரின் மருந்துச் செலவுக்கும் தணிக்கையாளரின் கட்டணத்துக்கும் யாரும் குறித்துக் கொடுப்பதில்லை. பொதுநிதி இருப்பதே அப்படிப்பட்ட, கண்ணில் படாத தேவைகளுக்காகத்தான். அதற்காகக் குறித்த காணிக்கையைத் தடுக்கவும் கூடாது. மேற்சொன்ன அமெரிக்கச் சபைகளிலேயே, சீனாவுக்கு ஊழியர்களை அனுப்புவதற்காகப் பெண்கள் 1888இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் காணிக்கை, லாட்டி மூன் என்ற மிஷனெரியின் பெயரில் இன்றும் பொதுநிதியோடு சேர்ந்தே நடக்கிறது. மன்னிக்க முடியாதது ஒன்று உண்டு: மிஷனுக்கென்று கவரில் எழுதி வந்த பணத்தை, “பிறகு திருப்பி வைத்துவிடலாம்” என்று சொல்லி ஆலயத்தின் கூரை வேலைக்குப் போடுவது. அப்படி எடுத்தது திரும்பி வருவது அரிது.

எந்தச் சொத்தின் மீது யாருக்கு அதிகாரம் என்பதைத் தெளிவாக்காமல் விடுவதன் விளைவை, வங்காளத்தில் உள்ள செராம்பூரின் மிஷன் வரலாறு காட்டுகிறது. 1792இல் கெட்டரிங்கில் கூடிய சில பாப்டிஸ்ட் போதகர்கள் 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ் வாக்களித்துத் தொடங்கிய சங்கம், அடுத்த ஆண்டே வில்லியம் கேரியை வங்காளத்துக்கு அனுப்பியது. கேரியும் அவருடைய உடன் ஊழியர்களான மார்ஷ்மனும் வார்டும் செராம்பூரில் தங்கள் சம்பாத்தியம் முழுவதையும் ஒரே பொதுப் பணப்பையில் போட்டு, அச்சகத்தையும் பள்ளிகளையும் நடத்தினார்கள். அவர்களுக்கும் இங்கிலாந்திலிருந்த சங்கத்துக்கும் பாலமாக இருந்த ஆண்ட்ரூ ஃபுல்லர் 1815இல் இறந்தபின், செராம்பூர்ச் சொத்துகளின் மீது யாருக்கு அதிகாரம் என்ற சச்சரவு வளர்ந்து, 1827இல் இரு தரப்பும் பிரிந்தன; மீண்டும் சேர்ந்தது 1837இல்தான். இருபுறமும் நல்ல மனிதர்களே இருந்தார்கள். ஒருவர் மீது ஒருவர் வைத்த நம்பிக்கையே அவர்களைச் சேர்த்து வைத்திருந்தது. அந்த நம்பிக்கையைச் சுமந்த ஃபுல்லர் போனதும் அது தளர்ந்தது. ஐந்து சபைகள் சேர்ந்து திசையன்விளையிலோ வள்ளியூரிலோ ஊழிய மையத்துக்கென்று ஒரு மனை வாங்கினால், அன்போடு உழைக்கும் ஒரு போதகரின் பெயரில் அதைப் பதிவு செய்யக் கூடாது. பதிவு பெற்ற சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ அமைத்து அதன் பெயரிலேயே வாங்க வேண்டும்.

கணக்கு கேட்பது விசுவாசக் குறைவு என்று சொல்லும் போதகர்களும் இருக்கிறார்கள். எருசலேம் சபைக்கான தர்மப் பணத்தைக் கொண்டுபோன பவுல், அதன் பொருட்டு யாரும் தன்மேல் குற்றம் சொல்லாதபடி, சபைகளே தெரிந்தெடுத்த சகோதரர்களை உடன் வைத்துக்கொண்டார் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரம் சொல்கிறது. உண்டியலைத் திறந்து எண்ணும்போது உறவினரல்லாத இருவராவது இருக்க வேண்டும், காசோலையில் இரண்டு கையெழுத்து வேண்டும், வந்த காணிக்கைக்கெல்லாம் ரசீது வேண்டும்.

வெளிநாட்டுப் பணத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இந்தியக் குடிமக்களாகவே இருந்து, தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வேறு. அயல்நாட்டுச் சபையோ குடியுரிமை மாறியவரோ அனுப்புவது வேறு. பின்னதற்கு 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ கட்டாயம். அதிலும் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பின், அப்படிப் பெற்ற பணத்தை ஓர் அமைப்பு வேறொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவே முடியாது. ஆகவே ஒரு சபை பெற்ற வெளிநாட்டுக் காணிக்கையைச் சபைகளின் பொதுநிதியில் கலப்பதற்கு வழியில்லை. அதைத் தனிக் கணக்கில், பெற்ற அமைப்பே செலவிட வேண்டும்.