அரைப்பு ஆலையில் சாஃப்ட் சென்சார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1880-களில் கூடலூரை அடுத்த தேவாலா, பந்தலூர் பகுதிகளில் தங்கம் தேடி முதலீடு செய்த ஆங்கிலேய நிறுவனங்கள், குவார்ட்ஸ் பாறையை ஸ்டாம்ப் மில்களில் இடித்துத் தூளாக்கின. இடிபடுவது கண்ணெதிரே இருந்தது. இன்று நீலகிரியில் பொறியியல் படித்துவிட்டுக் கனிம ஆலைகளுக்கு வேலைக்குச் செல்பவர்கள் அங்கே காண்பதோ, எஃகுக் குண்டுகளுடன் சுழலும் மூடிய உருளைகளாகிய அரைப்பு ஆலைகள். உள்ளே கல் எவ்வளவு, குண்டு எவ்வளவு, கல்லின் கடினம் என்ன என்பதை ஓட்டத்தின்போது நேரடியாக அளப்பது கடினம். மின்நுகர்வு, நீர்வரத்து, சம்ப் எனும் சேகரிப்புத் தொட்டியின் மட்டம், ஸ்லரி எனும் நீர் கலந்த கல்தூள் குழம்பின் அடர்த்தி போன்ற கிடைக்கும் அளவீடுகளைக் கொண்டு, கணித மாதிரியின் வழியே அவற்றை மதிப்பிடுவதே சாஃப்ட் சென்சாரின் வேலை.

மின்நுகர்வை மட்டும் வைத்து நிரப்பளவைச் சொல்ல முயல்வதே மிகுந்த சேதம் விளைவிக்கும் தவறு என்பது என் எண்ணம். ஆலை நிரம்ப நிரம்ப மின்நுகர்வு ஏறுகிறது. ஓர் உச்சத்தைத் தொட்டபின், உள்ளிருக்கும் சரக்கின் ஈர்ப்பு மையம் சுழலச்சை நெருங்குவதால், அது இறங்கத் தொடங்குகிறது. ஆகவே ஒரே மின்நுகர்வு இரண்டு வேறு நிரப்பளவுகளைக் குறிக்கக்கூடும். உச்சத்தைத் தாண்டிய ஆலையில் மின்நுகர்வு குறைவதைக் கண்டு, உள்ளே கல் போதவில்லை என்று மாதிரி முடிவுகட்டினால், கல்வரத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் மேலும் கல்லைக் கொட்டி ஆலையைத் திணறடித்துவிடும். கல்வரத்தைச் சிறிது குறைத்துப் பார்த்து, அப்போது மின்நுகர்வு ஏறினால் ஆலை உச்சத்தைக் கடந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஆலையின் எடைக்கேற்ப மாறும் பேரிங் எண்ணெய் அழுத்தத்தையோ, லோடு செல் எனும் எடை உணரி காட்டும் எடையையோ சேர்த்துப் பார்ப்பது இன்னும் உறுதியானது.

நாலைந்து அளவீடுகளிலிருந்து பத்து அறியாத அளவுகளைக் கறக்க நினைப்பது அடுத்த தவறு. கல் கடினமானாலும் குண்டுகள் தேய்ந்தாலும் தூள் பருமனாகவே வரும். இவற்றுள் எது காரணம் என்று அந்த அளவீடுகளால் பிரித்துச் சொல்ல இயலாதபோதும், மாதிரியின் கணிப்பையும் அளவீட்டையும் இணைத்து மதிப்பிடும் கால்மன் ஃபில்டர் ஏதோ ஓர் எண்ணைத் தயங்காமல் கொடுத்துவிடும். குண்டுத் தேய்மானம் மெதுவானது, கல்லின் மாற்றம் விரைவானது என்ற வேறுபாட்டை மாதிரியில் புகுத்தி, குண்டு சேர்த்த கணக்கையும் அதற்குக் கொடுத்தால் குழப்பம் வெகுவாகக் குறையும்.

ஆய்வக முடிவைத் தவறான நேரத்தில் பதிவதும் பரவலான பிழை. காலை 6 மணிக்கு எடுத்த ஸ்லரியை உலர்த்தி, 75 மைக்ரான் சல்லடையில் சலித்து, எடைபோட்டு, முடிவு வர 10 மணி ஆகலாம். அந்த எண்ணை 10 மணி அளவீடுகளோடு இணைத்தால், இல்லாத ஓர் உறவையே மாதிரி கற்றுக்கொள்ளும். எல்லாம் சீராக ஓடிய நாள்களின் தரவை மட்டும் கொண்டு பயிற்றுவித்த மாதிரிக்கும் நெருக்கடி நேரத்தில் கை கொடுக்கத் தெரியாது.

அடர்த்திமானியைக் கண்மூடி நம்புவதும் ஆகாது. சீசியம்-137 கதிரைக் குழாயின் ஊடே செலுத்தி அளக்கும் கருவி, குழாய்ச் சுவர் தேய்ந்தாலோ படிவு சேர்ந்தாலோ பிழையாகக் காட்டும். அந்தப் பழியை மாதிரி கல்லின் கடினத்தின் மேல் போட்டுவிடும். ஆலை நிற்கும்போது குழாய் நிறைய வெறும் நீரை ஓட்டி, கருவி நீரின் அடர்த்தியான 1.0-ஐக் காட்டுகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை.

மதிப்பீட்டைக் கட்டுப்பாட்டில் இணைக்கும்போது, ஐயம் எவ்வளவு என்பதையும் கூடவே கணக்கிட வேண்டும். அது வரம்பைக் கடந்தால், கல்வரத்தை உயர்த்தும் உரிமையைக் கன்ட்ரோலரிடமிருந்து எடுத்துவிட்டு, குறைக்கும் உரிமையை மட்டும் விட்டுவைப்பதே நான் பரிந்துரைக்கும் ஏற்பாடு.