சனியை வியாழன் தூக்கி எறிந்துகொண்டே இருந்தது

வெளிக்கோள்கள் உருவான கதையைக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். இளம் சூரியனைச் சுற்றியிருந்த வாயு வட்டு சனியை உள்நோக்கித் தள்ள வேண்டும். வியாழன் மூன்று சுற்று முடிக்கும்போது சனி இரண்டு முடிக்கிற 3:2 ஒத்திசைவில் அது சிக்க வேண்டும். எனக்கோ சனி அங்கே நிற்கவில்லை. வியாழனை நெருங்கி, சூரியக் குடும்பத்தை விட்டே வெளியேறியது.

கணினி ஒவ்வொரு முறையும் தாண்டும் நேர இடைவெளியான நேரப்படியைப் பாதியாக்கினேன். கணக்கிடும் முறையை மாற்றினேன். சனியின் தொடக்கத் தூரத்தையும் மாற்றினேன். ஐந்து நாள் போனது. வாயு விசையை நிறுத்திவிட்டு ஓட்டினால் ஆற்றல் பிசகவே இல்லை, அதனால் அலகுகள் மேல் சந்தேகம் வரவில்லை.

அப்புறம்தான் வியாழனின் சுற்றுக்காலம் கண்ணில் பட்டது: 74.5. அது 11.86 ஆண்டு அல்லவா! வகுத்தால் 6.28, அதாவது இரண்டு பை (2π). ஈர்ப்பு மாறிலியை 1 என்றும், தூரத்தை வானியல் அலகிலும், நிறையைச் சூரிய நிறையிலும் வைத்தால் ஓர் ஆண்டு என்பது 6.28 நேர அலகு. ஈர்ப்பு மட்டும் இருக்கும்வரை பாதைகள் சரியாகவே தெரியும். நான் ஆண்டுக் கணக்கில் கொடுத்த இடப்பெயர்வுக் காலம்தான், அதாவது வாயு சனியை உள்நோக்கி நகர்த்த எடுக்கும் காலம்தான் கெட்டது; சனி ஆறு மடங்கு வேகத்தில் நகர்ந்து ஒத்திசைவைத் தாண்டிவிட்டது.

அந்த ஒரு எண்ணை 6.2832-ஆல் பெருக்கினேன். சுற்றுக்கால விகிதம் 1.5-ஐ ஒட்டியே நின்றது. அப்பாடா! சரி, அடுத்து யுரேனசையும் நெப்டியூனையும் சேர்க்கிறேன்.